மரத்தில் பிறந்த அயர்லாந்து ஊர்

அன்று நான் பேசியதில் தப்பே இல்லை. என் மனைவி கல்பனா இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக உண்மை மாறிவிடுமா?

இரண்டாயிரங்களின் நடுவில், வளைகுடாவில், ராஸ் லஃபானில் ஓர் எரிவாயு ஆலையில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தேன். மேலாளர் டெக்லன் அயர்லாந்துக்காரர். டூட்டி முடிந்து கொளுத்தும் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், மழை ஓயாத தன் சின்ன ஊரைப் பற்றியே பேசுவார். வியாழக்கிழமைச் சந்தை, சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பது, ஓர் ஊற்றுக்காகச் சண்டை போட்டு ஊரையே உண்டாக்கிய சகோதரர்கள். (தலையாட்டிக்கொண்டே இருப்பேன். அப்ரைசல் அவர் கையில்.)

அவர் வேலையை விட்டுப் போனபோது பிரிவு விருந்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் புது மேலாளர். பக்கத்தில், ஊரிலிருந்து வந்திருந்த டெக்லனின் அம்மா. அசத்த வேண்டாமா?

"இவர் ஊரை உண்டாக்கியவர்கள் மரத்தில் வாழ்ந்த சகோதரர்கள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். யாரோ இருமினார்கள். நான் விடுவேனா? "இன்றும் சந்தை முடிந்ததும் ஆண்கள் மரத்தின் மேலுள்ள மதுக்கடைக்கு ஏறிப்போவார்கள்." (குடித்துவிட்டு எப்படி இறங்குவார்கள் என்று எனக்கும் கவலைதான். அவர்கள் ஊர் வழக்கம், நமக்கென்ன?)

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. டெக்லன் முகம் சிவக்க எழுந்தார்.

"மரம்னு நான் எப்போ சொன்னேன்? ட்ரீ பிரதர்ஸ்! ட்ரீ பப்ஸ்!"

"அதைத்தானே சார் நானும் சொல்றேன்!"

"ட்ரீ! ட்ரீ!" என்று மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதர் வாயில் 'த்ரீ' வராது. மூன்று சகோதரர்கள், மூன்று மதுக்கடைகள்.

மேடைக்குக் கீழிருந்து கல்பனா தமிழும் அரபியுமாகப் பல்லைக் கடித்தாள். "போதும், கலாஸ்! மானம் போகுது, இறங்குங்க."

நான் இறங்கவில்லை. மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சார், விரலை மடக்கிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க. யாருக்காவது மூணுன்னு கேக்குதான்னு பாப்போம்."

சொன்னார்.

"மரம்தான்" என்றார் புது மேலாளர்.

டெக்லனின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க கதையைவிட இது நல்லா இருக்கே!"

அடுத்த கோடையில் டெக்லன் போனில் கத்தினார். அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். மதுக்கடைக்காரர் ஒருவர் தன் வாசல் மரத்தைக் காட்டி, சுற்றுலா வருகிறவர்களிடம் என் கதையைத்தான் அளக்கிறாராம்.

"ஏணி வேற சாத்தி வச்சிருக்கான்யா!"

வீட்டுக்கு யார் வந்தாலும் கல்பனா என்னை, "ஒரு ஊரையே மரத்துல ஏத்தினவர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். ஏற்றியது நான் இல்லை, டெக்லனின் நாக்கு என்று நானும் விடாமல் வாதாடுகிறேன், வந்தவர்களின் காபி ஆறிப்போகும்வரை.