எட்டு டிஸ்க்கும் ஒரு சரிபிழையரும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஆனாலும் ஒரு மனிசன்மேல் பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

திருகோணமலையில் கடல் இருக்கிறது என்பதைக்கூட இரண்டு தரம் பார்த்த பிறகுதான் நம்புவார் சரிபிழையர். அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எதைச் சொன்னாலும் "சரியோ, பிழையோ?" என்று கேட்கிறவரை வேறு பெயரால் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை.

துறைமுகப் பக்கம் போகிற வீதியில் எங்கள் ஸ்டூடியோ. கலியாணம், சாமத்தியவீடு, முதல்நன்மை எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்போம். அவர் கொம்பியூட்டருக்குப் பொறுப்பு. நான் லைட் தூக்குகிற ஆள்.

தேத்தண்ணிக் கடையில் அவர் இரண்டு பிளேன்ரீ கேட்பார். இரண்டிலும் ஒவ்வொரு மிடறு குடிப்பார்.

"ரெண்டும் ஒரு கேத்தில்தானே?"

"ஓம் ஐயா."

"அப்ப ஏன் இதில சீனி கூட? எது சரியான சீனி?"

கடைக்காரர் ஒருநாள் மூன்றாவது கிளாஸைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். "இதுதான் தீர்ப்பு. குடிச்சிட்டு எழும்பும்!"

வேறு ஆளென்றால் வெட்கப்பட்டிருப்பார். இவரோ என் பக்கம் திரும்பி, "பாத்தீரே, இந்த மனிசனுக்கு விளங்கிட்டுது" என்று பூரித்துப் போனார்.

என்ன விளங்கியது என்று கேட்டது என் பிழை. அன்று மத்தியானமே வகுப்புத் தொடங்கிவிட்டது.

ஸ்டூடியோவில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் எட்டு டிஸ்க். வெளியே அது ஒரே பெரிய டிஸ்க் போலத்தான் தெரியும். ஒரு கலியாண வீடியோவைப் போட்டால், பெட்டி அதை இரண்டு பிரதியாக்கி வெவ்வேறு இரண்டு டிஸ்க்கில் வைக்கும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். முதலாளிக்கு அதோடு நிம்மதி. சரிபிழையருக்கு அங்கேதான் வருத்தம் தொடங்கியது.

"ரெண்டும் வேற வேற மாதிரி இருந்தா எது சரி? ரெண்டு சாட்சி ரெண்டு கதை சொன்னா மூண்டாவது ஒருத்தர் வேணும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கைநாட்டு இருக்கு. அதுதான் மூண்டாவது ஆள்."

என்னைத்தான் கைநாட்டு என்கிறாரோ என்று எனக்குச் சுறுக்கென்றது. இல்லையாம். கொம்பியூட்டர் ஒரு முழு வீடியோவையும் கூட்டிக் கழித்து ஒரு நீண்ட இலக்கமாக்கித் தருமாம். வீடியோவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த இலக்கம் மாறிவிடுமாம். வீடியோ பெட்டிக்குள் போகிற அன்றே அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். கொம்பியூட்டரிலேயே வைத்தால் என்ன என்றேன். "கள்ளனிட்டையே சாட்சி கேக்கிறதோ?" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் கொம்பியூட்டர் ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாகக் கூட்டித் தருகிற இலக்கத்தை அவர் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். நான் கொப்பியைப் பார்த்து "சரி" என்று சொல்லிக் கோடு போட வேண்டும். அந்த இலக்கங்களுக்கு நடுவில் 'ஏ'யிலிருந்து 'எஃப்' வரைக்கும் ஆங்கில எழுத்துகள் வரும். பதினொரு வருடத்தில் நான் படித்த ஆங்கிலம் அந்த ஆறு எழுத்துத்தான்.

"எஃப், ஏழு, மூண்டு, டீ..."

"சரி."

"வடிவாப் பாத்தனீரோ?"

"பாத்தனான் அண்ணை."

"திரும்பப் பாரும்."

படம் எடுக்க வந்த சனம் நின்று சிரிக்கும். லைட் தூக்குகிற மனிசனைப் பாலர் வகுப்பில் இருத்தியது போல எனக்குக் காது சுடும். எதிர்த்துக் கதைக்க எனக்கு ஏலாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

பிறகு என் மகளின் கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து தாலி கட்டிவிட்டுப் போனார். எங்கள் ஸ்டூடியோதான் வீடியோ எடுத்தது. சம்பந்தி வீட்டார் அதைப் பார்க்க நிலாவெளியிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார்கள். சரிபிழையர் கொப்பியில் எழுதவென்று சம்பந்தியிடம் கலியாணத் திகதியைக் கேட்டார். அவர் சொன்னார். உடனே என் பக்கம் திரும்பி, "நீர் சொல்லும், எத்தினையாம் திகதி?" என்றார்.

"பெட்டை என்ர பெட்டை! எனக்குத் தெரியாதோ?"

"தெரியும். சொல்லும்."

சம்பந்தி சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார். நான் திகதியைச் சொன்னேன். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த நாளிலிருந்து நான் கொப்பியைப் பார்க்கவே இல்லை. அவர் வாசிக்க வாசிக்க, வீதியில் போகிற ஓட்டோக்களைப் பார்த்தபடி "சரி, சரி" என்று கோடு போட்டேன். மூன்று மாதம் அப்படியே. பழிவாங்குவது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் அறிந்தேன்.

அந்தச் சுகம் அதிக நாள் நிலைக்கவில்லை. வெளிநாட்டு விசா அலுவலகத்திலிருந்து மகளுக்குக் கடிதம் வந்தது. இது உண்மையான கலியாணமோ என்று சந்தேகமாம். தாலி கட்டுகிற முழு வீடியோவையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குத் தந்த பென் ட்ரைவ் கடற்கரை வீட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்திருந்தது. ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

"ஒரு டிஸ்க் நேற்றுச் செத்துப் போச்சு," என்றார் முதலாளி. "உம்மட மகளின்ர வீடியோவும் அதிலதான். பயப்பிடாதையும், மற்றது இருக்குத்தானே."

நான் கொப்பியை எடுத்தேன். மகளின் வீடியோவுக்கு நேரே என் கோடு இருந்தது. அந்த மூன்று மாதத்துக்குள் போட்ட கோடு. மிஞ்சியிருக்கிற பிரதி சரியோ பிழையோ என்று எனக்குத் தெரியாது. கொப்பியோடு சரிபிழையரிடம் போனேன்.

"அண்ணை, நான் பாக்கேல்ல," என்றேன். "கோவத்தில சும்மா 'சரி' எண்டு சொன்னனான்."

சரிபிழையர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடியோவைத் திறந்தார். ஐயர் தெரிந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளையின் கை மகளின் கழுத்துக்குப் போய், மூன்று முடிச்சும் விழுந்தது. ஒரு புள்ளி கலையவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"இந்தப் பிரதி ரெண்டு மாசத்துக்கு முதலே கெட்டுப் போச்சு," என்றார். "தாலி கட்டுற இடத்தில ஒரே பச்சைக் கட்டம். மற்றது கொப்பியோட ஒத்துப்போச்சு. அதிலயிருந்து எடுத்து இதைத் திருத்தி வச்சனான்."

"எப்பிடித் தெரியும்? நான் 'சரி' எண்டுதானே சொன்னனான்?"

"நீர் மத்தியானம் சாப்பிடப் போற நேரத்தில, காலமை பாத்ததை எல்லாம் நான் தனிய இருந்து திரும்பப் பாக்கிறனான்."

"எவ்வளவு காலமா?"

"தொடக்கத்திலயிருந்து."

மகளின் வாழ்க்கை தப்பிய அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது நன்றியில்லை, ஆத்திரம். பதினொரு வருடம்! சனம் சிரிக்கச் சிரிக்க நான் கொப்பியில் பார்த்த அத்தனையும் வீண்!

"அப்ப என்னை நம்பேல்ல?"

"உம்மை நம்பினனான். உம்மட 'சரி'யைத்தான் நம்பேல்ல."

"பிறகேன் என்னை இருத்தி வச்சனீங்கள்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தனிய வாசிச்சா நித்திரை வருது, தம்பி."

மகள் இப்போது கனடாவில். சரிபிழையர் வேலையை விட்டுப் புல்மோட்டையில் தன் மகளோடு இருக்கிறார். போன ஞாயிறு, வேண்டிய மட்டும் ஏசித் தீர்க்கிறது என்று பஸ் ஏறிப் போனேன். போன இடத்தில் கூச்சம்தான் வென்றது. மீன் குழம்போடு சோறு சாப்பிட்டு, பின்னேரம் வரை சும்மா இருந்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முதலே போன் அடித்தது.

"வந்து சேர்ந்திட்டீரோ?"

"ஓம் அண்ணை, சேர்ந்திட்டன்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சரிபிழையர் சொன்னார்: "போனை உம்மட மனுசியிட்டக் குடும்."

எழுதி முடித்தது: 2025 ஓகஸ்ட் 20, புதன்கிழமை.