ஆர்லிஸின் நிபந்தனையும் அறுபத்துமூன்றாம் வருடத்துக் கக்கூஸும்

இந்தக் கோடையில் ஓர் இரவுகூட ஹோட்டலில் தங்குவதில்லை என்று சபதம் எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் எங்கள் வீட்டுவண்டி 1963-ல் செய்தது. மூன்று குளிர்காலம் உட்கார்ந்து ஆணி ஆணியாக அதைப் புதுப்பித்திருக்கிறேன். என் மனைவி ஆர்லிஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“கக்கூஸ் வேலை செய்யணும், வெர்ன். இல்லேன்னா அந்த நிமிஷமே நான் ஹோட்டலுக்குப் போயிடுவேன்.”

“மினசோட்டா மாநிலம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கக்கூஸ் கிடைக்காது!”

ஏரிக்கரை முகாமில் வண்டியைக் காரிலிருந்து கழற்றி நிறுத்தினோம். உள்ளே போன ஆர்லிஸ் உடனே வெளியே வந்தாள்.

“கக்கூஸ் மிதியை மிதிச்சா தண்ணி வரலை.”

“நல்லா அமுக்கி மிதிச்சியா?”

“ஏறியே நின்னேன்.”

நானும் ஏறி நின்றேன். மோட்டார் உறுமியது. சமையல் குழாயில் தண்ணீர் பாய்ந்தது. இங்கே மட்டும் ஒரு சொட்டு இல்லை. காலையில் வீட்டு வாசலில் சோதித்தபோது கொட்டு கொட்டென்று கொட்டியதே! நான் தலையைச் சொறிந்து முடிப்பதற்குள் ஆர்லிஸ் பெட்டியோடு காரில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாள் அந்தக் கக்கூஸ் பொந்துக்குள் குடியிருந்தேன். ரப்பர் வளையத்தைக் கழற்றி மாட்டினேன். மிதியைக் கழற்றி மாட்டினேன். ஒரு திருகு மிச்சம் வந்தது. அது எதனுடையது என்று இன்றுவரை தெரியாது. அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வண்டிக்காரர் கோர்டன் காபியோடு வந்தார். குனிந்து பின்பக்க அலமாரிக்குள் கையை விட்டார்.

“உள்ளே இருக்கிற குட்டிக் குழாய் மூடியிருக்கு, வெர்ன். பனிக்காலத்துல தண்ணி உறையாம இருக்க மூடினதைத் திறக்க மறந்துட்டியா?”

“ஏப்ரல்லயே திறந்துட்டேனே!”

“அப்ப தானா மூடிக்கிச்சாக்கும்?”

திருப்பினார். நான் மிதித்தேன். தண்ணீர் கொட்டியது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, ஜெயித்துவிட்டேனே! அவர் காரை இரவல் வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் பறந்தேன்.

ஆர்லிஸ் நீச்சல்குளத்தோரம் சாய்ந்திருந்தாள்.

“கக்கூஸைச் சரி பண்ணிட்டேன்! கிளம்பு!”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை வருத்தத்தோடு பார்த்தாள்.

“அதுக்குள்ள அந்தக் குட்டிக் குழாயைக் கண்டுபிடிச்சுட்டியா, கண்ணு? நான் மே மாசமே ஒரு வாரத்துக்கு ரூம் போட்டுட்டேனே!”