ஞாயிறு சேராத நாற்பது நாள்

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. மாடி ஏறினால் படிகளை எண்ணுவேன். பேருந்தில் உட்கார்ந்தால் நிறுத்தங்களை எண்ணுவேன். ஜெபத்தில் கண்ணை மூடினால், ஜெபிக்கிறவர் எத்தனை முறை ‘ஆண்டவரே’ என்றார் என்று எண்ணுவேன். (அதிகபட்சம் நாற்பத்தொன்று. ஆளின் பெயரைச் சொல்லமாட்டேன்; அவர் மகன் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்.) இது ஒரு வியாதி என்பது என் மனைவியின் கட்சி. முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்ததன் மிச்சம் என்பது என் கட்சி. எப்படியோ, இந்தப் பழக்கத்தால் ஒரே மனிதரை இரண்டு முறை நோகடித்திருக்கிறேன். முதல் முறை யோசிக்காமல் செய்தது. இரண்டாம் முறை யோசித்து, திட்டமிட்டு, இருபத்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு ஐம்பது வயது. கம்பம் டவுனிலிருந்து நாலு கிலோமீட்டரில் எங்கள் ஊர். ஓட்டுக்கூரை போட்ட சின்ன ஆலயம், பதினான்கு பெஞ்சு, முப்பத்தேழு குடும்பம். நான் சபைச் செயலாளர். அதாவது கதவைத் திறக்க, பூட்ட, நடுவில் எல்லோருடைய குறையையும் கேட்க ஒரு ஆள்.

யாரும் கேட்காமலே நான் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்தேன். எந்தக் குடும்பத்துத் தலைவர் எத்தனை ஞாயிறு ஆராதனைக்கு வந்தார் என்று அதில் இருக்கும். என் நாற்பத்துநான்காம் வயதில், ஒரு வருடக் கடைசிக் கூட்டத்தில் அதை எழுந்து நின்று வாசித்தேன். “ஏசுவடியான், ஐம்பத்திரண்டுக்குப் பதினொன்று” என்றபோது பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஏசுவடியான் ஜீப் ஓட்டுகிறவர். மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போவார். அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. நான் சொன்ன எண் சரியானதுதானே என்று ஆறு வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி ரூத்து மட்டும் தவறாமல் வருவார். எனக்கு ஐம்பது வயதான அந்த வருடம் தை மாதம் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு ஆகிவிட்டார். பார்க்கப் போன போதகரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: “லெந்து செபம் ஒரு நாள் எங்க வீட்டுல வைங்கய்யா. நான்தான் வர முடியல, சபையாவது வரட்டும்.” போதகர் ஏசுவடியானைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அவர் சுவரைப் பார்த்தபடி “வரட்டும்” என்றிருக்கிறார்.

போதகர் நேரே என்னிடம் வந்தார். “சார், ஆறு வருசங்கழிச்சு அந்தக் கதவு தெறக்குது. பாத்துச் செய்யுங்க.”

பார்த்துத்தான் செய்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் தவக்காலத்தை நாங்கள் லெந்து என்போம். அந்த நாட்களில் சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாடி ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். அதுவரை இந்த ஏற்பாடு வாய்ச்சொல்லிலேயே நடந்துவந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. முப்பத்தேழு வீட்டுக்கும் முப்பத்தேழு சீட்டு எழுதினேன். ‘உங்கள் வீடு: லெந்து இருபத்துநான்காம் நாள், மாலை ஆறரை’ என்கிற மாதிரி. தேதி போடவில்லை.

“தேதியப் போட்டா கை தேஞ்சா போகும்?” என்றாள் மனைவி.

“தேதி போட்டால் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். நாள் போட்டால் லெந்தை எண்ணுவார்கள். எண்ணுவதே ஒரு தியானம்” என்றேன். (ஐம்பது வயதில் நான் இப்படித்தான் பேசுவேன். அவள் என்னோடு குடித்தனம் நடத்தியதே அவள் பொறுமைக்குப் பெரிய சாட்சி.)

நான் கவனிக்காதது ஒன்று. லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை நாற்பத்தாறு நாள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் தவத்தில் சேராது. ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் நாற்பது வரும். இது எனக்குத் தெரியும், போதகருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா என்று யோசிக்கவில்லை. முதல் ஞாயிறு தாண்டியதுமே குழப்பம் வந்தது. திங்கட்கிழமை ஐந்தாம் வீட்டிலும் பாய் விரித்திருந்தார்கள், ஆறாம் வீட்டிலும் விரித்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஜெபம் முடிந்ததும் “நாளைக்கு இன்னார் வீடு” என்று அறிவித்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அந்த அறிவிப்பு காதில் விழாத வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வீட்டுச் சீட்டையும் நான் கையில் கொடுக்கவில்லை. ஏசுவடியான் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்திருந்தேன்.

இருபத்துநான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. பாட்டுப் பாடிக்கொண்டே தெருமுனை திரும்பினோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் ஜீப். அதற்கு அடியிலிருந்து லுங்கியோடு ஏசுவடியான் வெளியே வந்தார். கையெல்லாம் கிரீஸ். பாட்டு ஒவ்வொரு குரலாகக் குறைந்து நின்றது.

“என்ன சார், ஊர்வலமா?”

“இன்னைக்கு உங்க வீட்டு நாளுல்ல.”

“எங்க வீட்டு நாளு வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுபோச்சு.”

பக்கத்து வீட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எழுந்து வந்தார். சபையைச் சேர்ந்தவர் அல்ல. சாமிக்கு மாவிளக்கு எடுக்கிற வீடு. “அன்னைக்கு நம்ம வீட்டு ஜமுக்காளத்தத்தான் வாங்கி விரிச்சாக. வெள்ளையடிச்சு, கட்டிலத் தூக்கி முன்னறையில போட்டு, அந்தம்மாவுக்கு வெள்ளச் சேலை கட்டிவிட்டு, வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஒரு ஈ காக்கா வரல. ரெண்டு சட்டி கடல. கடேசியில நாங்கதேன் தின்னோம். எங்களுக்கு ஒங்க பாட்டுந் தெரியாது, சும்மா உக்காந்து தின்னுட்டு வந்தோம்.”

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் விளக்கம் கொடுத்தேன்.

“நீங்க ஞாயித்துக்கிழமையையும் சேத்து எண்ணிட்டீங்க. அது லெந்துல சேராது” என்று ஜீப்பின் முன்மூடியில் படிந்திருந்த தூசியில் விரலால் ஏழு கட்டம் போட்டேன். நாலு வரிசை எழுதினேன். ஞாயிறுகளின்மேல் பெருக்கல் குறி போட்டேன். என் பின்னால் சபை எட்டிப் பார்த்தது. “சார் சொல்றது சரிதான்” என்று ஒரு குரல். “அதெப்படி, நாளுன்னா நாளுதானய்யா” என்று இன்னொரு குரல். என் வெள்ளைச் சட்டையின் கைமுழுக்கக் கிரீஸ். நான் நிறுத்தவில்லை. வகுப்பில் கடைசிப் பையனுக்கும் புரிகிறவரை விடாதவன் என்று எனக்குப் பெயர் உண்டு.

ஏசுவடியான் என் கட்டங்களை முழுவதும் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

“ஆறு வருசத்துக்கு முந்தி நீங்க ஞாயித்துக்கெழமைய மட்டுந்தான சார் எண்ணி வாசிச்சீக? எனக்கு மட்டும் அன்னைக்கு அது கணக்குல சேந்துச்சு. இன்னைக்கு சேராதா?”

முப்பத்துநான்கு வருடத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி நிறுத்தியதில்லை.

உள்ளேயிருந்து ரூத்தின் குரல் வந்தது. “அங்கன நின்னு என்ன வழக்கு? வந்த சனத்த உள்ள விடுங்க.”

“கடலையும் இல்ல, காப்பியும் இல்ல.”

“கடலைக்கா செபம்? அன்னைக்குக் கடல இருந்துச்சு, செபம் இல்ல. இன்னைக்குச் செபம் இருக்கட்டும்.”

ஏசுவடியான் ஒதுங்கி வழிவிட்டார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நானும் காலெடுத்து வைத்தேன். “சார் மட்டும் இங்கன நில்லுங்க” என்றார்.

நின்றேன். உள்ளே இருபத்தாறு பேர் பாட, வெளியே நாங்கள் இருவர், நடுவில் ஜீப். அவர் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சீசன்ல ஞாயித்துக்கெழமையும் தோட்டத்துக்கு ஆளு போகும் சார். இருட்டுலயே கெளம்பி மேல எறக்கிவிட்டுட்டு, நம்ம ஊரு வந்து சேர மணி பன்னெண்டாயிரும். அதுக்குள்ள நீங்க பூட்டிட்டுப் போயிருவீக. அந்தப் பூட்டுன கதவுக்கு முன்னாடி நின்னு செபம் பண்ணிட்டுத்தேன் வீட்டுக்கு வருவேன். அத எந்த நோட்டுல எழுதுவீக?”

பதினொன்றே கால் ஆனதும் அந்தப் பூட்டைப் போட்டுவிட்டு, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“அதை வாசிச்சிருக்கக் கூடாது” என்றேன். “எழுதியே இருக்கக் கூடாது.”

அவர் கிரீஸ் துணியின் சுத்தமான முனையை என்னிடம் நீட்டி, என் சட்டையைக் காட்டினார். துடைத்தேன். கறை இன்னும் பெரிதானது. “விடுங்க சார், அது போகாது” என்றார். உள்ளே ரூத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை ‘ஆண்டவரே’ என்றார் என்று நான் எண்ணவில்லை.

அடுத்த ஞாயிறே அவர் ஆராதனைக்கு வந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். வரவில்லை, சீசன். ஆனால் பதிவேட்டை அந்தச் செவ்வாய் இரவே வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த ஞாயிறு முதல் பகல் ஒரு மணிவரை ஆலயத்தைப் பூட்டுவதில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது ஞாயிறு ஜீப் சத்தம் கேட்டது. பன்னிரண்டேகால். அவர் உள்ளே வந்து, திறந்த கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, முன்வரிசைக்குப் போய் முழங்கால் போட்டார். ரூத்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த பிறகு இருவரும் சேர்ந்து வந்தார்கள். அப்புறம் தோட்டத்து வேலைக்குப் போகிற இன்னும் சில பேர் அந்த நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். போதகர் அவர்களுக்காகப் பன்னிரண்டரைக்கு ஒரு சின்ன ஆராதனை வைத்தார். அது இன்றும் நடக்கிறது.

சபையும் என் வீடும் என்னை விட்டபாடில்லை. நான் எந்த எண்ணைச் சொன்னாலும், “ஞாயிறு சேத்தா, சேக்காமலா?” என்று கேட்பார்கள். என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது டாக்டர் சொன்ன நாளை நான் திருப்பிச் சொல்ல, மருமகன்கூட அதையே கேட்டார்.

போன மாதம் எனக்குப் பிறந்தநாள். ஆராதனை முடிவில் புதிதாக வந்திருந்த இளம் போதகர் எத்தனை வயது என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், இப்போது ஜீப் ஓட்டுவதை விட்டுவிட்ட ஏசுவடியான் எழுந்தார்.

“எழுபத்தேழுங்கய்யா. ஞாயித்துக்கெழமைய விட்டா அறுபத்தாறுதேன்.”

எல்லோரும் சிரித்து முடிக்கக் காத்திருந்து, அவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

“ஆனா விட முடியாதுங்கய்யா. ஞாயித்துக்கெழமையெல்லாம் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு எங்களுக்காகக் காத்துக் கெடந்தாக.”

வீட்டுக்கு வந்து அந்த அறுபத்தாறைச் சரிபார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.