தோணிக்காரனுக்கு ஆயுசு கெட்டி

மாதனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்கா, குர்ஷித் ஆபா அவர்களுக்கு,

ஷூ கம்பெனி பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உங்கள் தோளில் தூங்கி வழிந்த அதே செண்பகம் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், இரண்டு எருமை எல்லோரும் சுகம். என் முட்டியைக் கேட்டால் அது வேறு சொல்லும், அதைக் கேட்க வேண்டாம். நீங்கள் வேலையை விட்டுக் குடிபோன பாகாயத்தில் உங்களுக்குச் சர்க்கரை கம்மியாகவும், மருமகள் நிஷாவுக்குப் பொறுமை ஜாஸ்தியாகவும் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே மூணாங்கிளாஸ் கையெழுத்தில் எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

விஷயம் இதுதான் ஆபா. நாம் நாற்பது பேர் சேர்ந்து கரையேற்றிய தோணிக்காரன் மருதவேலனை டிவிக்காரர்கள் போன திங்கட்கிழமை கொன்றுவிட்டார்கள்.

நீங்கள் பஸ்ஸில் படித்துக் காட்டிய ‘மூன்று நிலா நாடு’ நாவலின் ஐந்து பாகத்தையும் இப்போது தொடராக எடுத்து வாரம் ஒரு பகுதி விடுகிறார்கள். விளம்பரத்தில் பறக்கும் முதலையைப் பார்த்ததுமே எனக்கு அந்தக் காலத்து பஸ் வாசனை வந்துவிட்டது. காலை ஆறரைக்கு ஏறுவோம், ஜன்னல் சீட்டில் நீங்கள் புர்காவுக்குள்ளிருந்து பைண்டிங் புத்தகத்தை எடுப்பீர்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். வீட்டில் உருது பேசுகிற நீங்கள் தமிழைப் படிக்க, வீட்டில் தமிழ் பேசுகிற நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். உங்கள் விரல் வரி வரியாக ஊர்ந்து போகும், குரல் அதன் பின்னாலேயே போகும். டிரைவர் அப்துல் வஹாப் பாய் கதை சூடாக இருந்தால் வண்டியை இரண்டாவது கியரிலேயே உருட்டுவார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால், “இருப்பா, இங்க முதலை வந்துட்டு இருக்கு” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். ஆம்பூர் போய்ச் சேரும்போது ஐந்து நிமிஷம் லேட். “டிராஃபிக் சார்” என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னால் சூப்பர்வைசர் என்ன செய்வார் பாவம். சாயங்காலம் கையெல்லாம் பசை வாசனையோடு திரும்பும்போது, காலையில் கேட்டதையே நான் ராணி மாதிரியும் சூனியக்காரி மாதிரியும் நடித்துக் காட்டுவேன். டிவியில் வருகிற ராணி என்னில் பாதிகூட இல்லை.

அந்த நாளில்தான் கட்டிங் பிரிவு செல்லம்மாளின் வீட்டுக்காரர் வேதாசலம் மஞ்சள் காமாலை முற்றி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் நம் பஸ், சாயங்காலம் வேலூர் பஸ் என்று அவள் அலைந்தாள். சரியாக அந்த வாரம் கதையில் பறக்கும் முதலை தோணிக்காரனைக் கடித்து ஆற்றில் தள்ளியது. செல்லம்மாள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டேன். “சாமிங்க எல்லாத்துக்கும் வேண்டியாச்சுக்கா. இது தோணிக்காரனுக்கு. அவன் கரையேறினா எங்க ஆளும் கரையேறுவாரு” என்றாள். நான்கூட அன்றைக்கு அவளைக் கிண்டல் செய்யவில்லை. பத்து நாள் தோணிக்காரன் நாணல் புதரில் கிடந்தான். பதினோராம் நாள் மாதனூர் ஏரியைத் தாண்டும்போது, “கண்ணைத் திறந்தான், பசிக்கிறது என்றான்” என்று நீங்கள் படித்தீர்கள். பஸ்ஸே அழுதது. அடுத்த வாரம் வேதாசலம் கஞ்சி கேட்டார். செல்லம்மாள் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். முடிச்சை மட்டும் பாலாற்றில் போடவில்லை, தண்ணீர் வரட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு டிவி முன்னால் பழைய ஆட்கள் எட்டுப் பேர், பொரி கடலை, வேடிக்கை எல்லாம் தயார். முதலை வந்தது, கடித்தது, தோணிக்காரன் ஆற்றில் விழுந்தான். “பயப்படாதீங்க, எழுந்துருவான்” என்று நான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். அவன் எழவில்லை ஆபா. மாலை போட்டார்கள், படகில் வைத்தார்கள், தீயும் வைத்துவிட்டார்கள். செல்லம்மாள் எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து வேதாசலம் வீட்டுச் சிறையில் இருக்கிறார். தண்ணீரில் கண்டம் என்று அவரைக் குளிக்க விடவில்லை. கிணற்றடிப் பக்கம், ரோட்டுப் பக்கம், ஏணிப் பக்கம் எங்கேயும் போகக்கூடாது. பல்லியும் முதலையும் ஒரே சாதி என்று விளக்குமாற்றோடு சுவர் சுவராகப் பல்லி விரட்டுகிறாள். வேலைக்கும் வருவதில்லை. பார்க்கப் போனால் அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

“செண்பகம், ஒனக்குப் புண்ணியமாப் போவும். அந்த ஆளை எப்படியாவது பொழைக்க வெச்சுடு. டீக்கடைக்குப் போய் மூணு நாளாச்சு.”

“நீங்க போன ஜென்மத்துல தோணி ஓட்டியிருப்பீங்கண்ணே.”

“எனக்கு வந்தது மஞ்சக்காமாலை. அவனைக் கடிச்சது முதலை. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்னு கேளு அவளை.”

நானும் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். செல்லம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. “நல்லா சிரிங்கக்கா. டாக்டரே கையை விரிச்சப்ப, பொழைச்சுருவாருன்னு எனக்குச் சொன்னது அந்தக் கதை ஒண்ணுதான். நான் முடிச்சைச் செலுத்தல. அதான் திரும்ப எடுத்துக்குது” என்றாள். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அவள் நாக்கில் மூன்று நாளாகச் சோறு படவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அதனால் ஒரு சபதம் போட்டேன். “டிவிக்காரங்க மாத்திட்டாங்க. புத்தகத்துல அவன் உயிரோடதான் இருக்கான். புத்தகத்தையே கொண்டாந்து காட்டுறேன்” என்றேன். நான் இன்றும் போகிற அதே கம்பெனி பஸ்ஸில் இதைச் சொன்னதும் சின்னப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதுகள் போனிலேயே குழு வைத்து, எந்த ராஜா எந்தக் குகையில் என்று பேசுகிற கூட்டம். அதில் நம் லைனுக்குப் புதுசாக வந்த பூர்ணிமா என்று ஒன்று, வாய் என் வாயைவிட நீளம்.

“அக்கா, தோணிக்காரர் ரெண்டாம் பாகத்துலயே காலி. நான் இணையத்துல படிச்சேன்.”

“போடி. அஞ்சாம் பாகம் பட்டாபிஷேகத்துல பந்திக்கு பிரியாணி கிண்டினதே அவன்தான்.”

“மூணு நிலா நாட்டுல பிரியாணியா?”

“ஆமா. சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கக் கத்திரிக்காய் பச்சடி.”

பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. நான் விடவில்லை. ராஜசபையில் தூணோரம் நின்று பேரீச்சம்பழம் சாப்பிட்டானே, போர்க்களத்தில் கூடாரத்தில் உட்கார்ந்து கறி சாப்பிட்டானே, சூனியக்காரியின் குகைக்குக்கூடச் சோற்றுமூட்டையோடு போனானே என்று எல்லாச் சாட்சியும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு சந்தேகம் தட்டியது. மூன்று பாகம் முழுக்க அந்த ஆள் சாப்பிடுவதைத் தவிர வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. வாளெடுக்கவில்லை, தோணிகூட ஓட்டவில்லை. யார் என்ன கேட்டாலும் “ஆமாம்” என்பதோடு சரி.

பூர்ணிமா ரோஷத்தோடு புத்தகத்தைத் தருவித்துவிட்டாள். இன்று காலை வீட்டுக்கே கொண்டுவந்து மெல்லச் சொன்னாள். “அக்கா, ரெண்டாம் பாகம், இருபத்தேழாவது அத்தியாயம். எரிச்சு, சாம்பலையும் கரைச்சுட்டாங்க.”

ஆபா, இது நியாயமா. செத்தவனுக்கு மூன்று பாகம் சோறு போட்டிருக்கிறீர்கள். ஐந்து வேளை தொழுகிற கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எழுதாததைப் படித்திருக்கிறீர்கள். உங்களை நம்பி நான் இந்த மாதனூர் பூராவும் சபதம் போட்டு நிற்கிறேன். என்ன ஒரு நெஞ்சழுத்தம் உங்களுக்கு. நாளைக் காலை செல்லம்மாள் பஸ்ஸுக்கு வந்து புத்தகத்தைக் கேட்கப் போகிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது, பூர்ணிமாதான் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும், அதுவோ உண்மை விளம்பி. என்ன நடக்கப் போகிறதோ தெரியவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் உங்கள் மகன் தபரேஸை வண்டி எடுக்கச் சொல்லி நேரில் வாருங்கள். நீங்கள் ஆரம்பித்த பொய்யை நீங்களே அவள் எதிரில் உட்கார்ந்து முடித்துவையுங்கள். வராவிட்டால் இனி உங்கள் வீட்டு ஈத் பிரியாணி என் தொண்டையில் இறங்காது, அது செத்தவனுக்குப் படைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

பெரியவர்களுக்கு சலாம், சின்னதுகளுக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு, நிஷாவுக்கு என் அனுதாபம்.

உங்கள் மேல் சொல்ல முடியாத கோபத்தில் இருந்தாலும், உங்கள் ஜன்னல் சீட்டில் இன்றுவரை ஒருத்தியையும் உட்கார விடாத,
செண்பகம்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை சாயங்காலம். தபால் தலை கிடைக்காமல் கடிதம் என்னிடமே நின்றுவிட்டது, நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை செல்லம்மாள் வந்தாள். வீட்டுக்காரரைத் தனியாக விடப் பயந்து, லேடீஸ் பஸ்ஸில் அவரையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஒரு வாரம் குளிக்காத மனிதர், எல்லா ஜன்னலையும் திறந்தோம். வெளிச்சம் வேண்டும் என்று பூர்ணிமாவை உங்கள் சீட்டிலேயே உட்காரச் சொன்னேன், மன்னிக்கவும். அவள் இருபத்தேழாவது அத்தியாயத்தைத் திறந்து விரலை வைத்துப் படித்தாள். முதலை வந்தது, தோணிக்காரன் நாணலில் கிடந்தான். அடுத்த வரிக்கு முன்னால் நிமிர்ந்து, மடியில் மஞ்சள் முடிச்சை வைத்துக்கொண்டிருந்த செல்லம்மாளைப் பார்த்தாள். அப்புறம் குனிந்தாள். விரல் நின்ற இடத்திலேயே நின்றது, கதை மட்டும் ஓடியது. “மெல்லக் கண்ணைத் திறந்தான். பசிக்கிறது என்றான்” என்றாள்.

செல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப பிரியாணி?” என்று கேட்டாள்.

“அது அஞ்சாம் பாகத்துல வருது அத்தை” என்றது அந்த உண்மை விளம்பி. வேதாசலம் அடுத்த டீக்கடையில் இறங்கிக்கொண்டார்.

நேற்று எழுதியதை எல்லாம் நீங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்கு அன்றைக்கே தெரியும் ஆபா, தெரியாதவள் மாதிரிதான் சபதமும் போட்டேன், கோபமும் பட்டேன். மூணாங்கிளாஸ் படிப்பில் ‘இறந்தான்’ என்ற ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிவிட்டேன். உங்கள் விரல் அதன் மேலேயே நின்றது, நான் பார்ப்பதைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினீர்கள். இனி அந்த விரலைப் பார்க்கவே கூடாது என்றுதான் அப்புறமெல்லாம் உங்கள் தோளில் தூங்கினேன். ஒன்று மட்டும் செய்யவும். பூர்ணிமாவுக்கு இன்னும் மூன்று பாகம் பாக்கி இருக்கிறது, அந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறாள். எந்த எந்த இடத்தில் அவனுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உடனே அனுப்பவும்.