அக்கா புடவையில் என் மூக்கு

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. அந்தக் கூச்சத்தால் ஒரு நாள் என் சாவுக்கு நானே நாற்காலி தூக்கிப் போட்டேன்.

என் மகள் கவிதா புதுச்சேரியில் ஓவியமும் சிற்பமும் படிக்கிறாள். (அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவள் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.) சிற்பத் தேர்வுக்கு, வீட்டு ஆள் ஒருவரின் தலையைக் களிமண்ணில் செய்து வரச் சொன்னார்களாம். ஏற்கெனவே ஒரு முறை தவறியவள். இதிலும் தவறினால் ஒரு வருடம் போய்விடும். என்னை ஸ்டூலில் உட்காரவைத்துச் செய்து முடித்தாள். அது என்னைவிடத் தைரியமாகப் பார்த்தது.

தேர்வுக்கு முதல் நாள், நான் விடியுமுன் உப்பளம் போய்விட்டேன். மண் காயட்டும் என்று மகள் சிலைக்குப் பக்கத்தில் பல்பை எரியவிட்டாளாம். "புதுசா செஞ்சிருக்குது, பொட்டு வைக்காம விடலாமா?" என்று என் மனைவி குங்குமம் வைத்து மல்லிகையும் சுற்றினாளாம். பிறகு இருவரும் சிலையை எடுத்துப்போக அட்டைப்பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து அக்கா வந்தாள். கதவைத் திறந்தால் தம்பி முகம், பொட்டு, பூ, விளக்கு. வீட்டில் ஆளில்லை. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான், எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டிச் சிலையைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். தெருவே கூடியது. உப்பளத்து வெயிலில் சுருண்டு விழுந்திருப்பேன் என்று பேசிக்கொண்டார்கள். செத்த அன்றைக்கே யார் சிலை வைப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. (இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது.)

மதியம் திரும்பினால் வாசலில் கூட்டம், உள்ளே அழுகுரல். மனைவியா, மகளா? என் வீட்டில் யார் செத்தது என்று அடுத்தவரிடம் எப்படிக் கேட்பது? தலையில் துண்டும் உடம்பெல்லாம் உப்புமாக வேலியோரம் நின்றேன்.

அக்கா போன் போட்டு வரவழைத்த அவள் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார். "ஏம்பா, சும்மா நிக்கிறியே, அந்தச் சேருங்கள எடுத்துப் போடு!"

போட்டேன். மெதுவாக, "யாருங்க தவறுனது?" என்றேன்.

"இந்த வீட்டுக்காரர்தான். பாவம், வாயில்லாப் பூச்சி."

அப்பாடா, மனைவியும் இல்லை, மகளும் இல்லை என்று மூச்சு வந்தது. இன்னும் இரண்டு சேர் போட்ட பிறகுதான் இந்த வீட்டுக்காரர் யாரென்று யோசித்தேன்.

அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். "டேய்! நீ செத்துட்டடா!"

"எப்பக்கா?" என்றேன். வேறென்ன கேட்பது?

முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு, முன்னைவிடப் பலமாக அழுதாள். அப்போது பெட்டியோடு வந்த மகள் நேராக உள்ளே ஓடினாள். "ஐயோ, அப்பா மூக்கு எங்க?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காணாமல் போனது சிலையின் மூக்கு. அக்காவின் தோளில், புடவையோடு அப்பியிருந்தது.

"எந்தம்பி மூக்குடி, பாத்து எடு!"

மகள் தரையில் உட்கார்ந்து விம்மினாள். விடிந்தால் தேர்வு. அத்தனை பேர் முன்னால் என் வாய் எப்படித் திறந்ததோ, "நான் உக்கார்றேம்மா, திரும்பச் செய்" என்றேன்.

துக்கத்துக்கு வந்த ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் போட்ட நாற்காலிகளை இழுத்துப்போட்டு என்னையும் மண்ணையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"வலப்பக்கம் கோணலா இருக்குது பாரு."

"அது அவருக்கே கோணல்தான்."

"ஏம்பா, மூச்சு வுடாத. மூக்கு ஆடுது."

காது மடல் வரை எரிந்தது. பொழுது சாயும்போது மூக்கு நின்றது. மகள் தேர்விலும் தேறிவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா தினமும் போன் செய்கிறாள். "டேய், இருக்கியா?" "இருக்கேன்க்கா." "சரி, வை." அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். கண்விழித்தால் வாசலில் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்குகிறாள், கையில் பெரிய ரோஜா மாலையோடு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று என் கழுத்திலேயே போட்டுவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போனாள்.

ஐப்பசி 12, ஞாயிற்றுக்கிழமை.