பேய்க்கணவாய் பிடித்த கை

கடலைக் கண்ணால் பாராமலே இரண்டு வருடம் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். மஹய்யாவையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கண்டி வாவிதான். (அதிலும் கால் நனைத்ததில்லை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் கண்காட்சி வைக்க முடிவாயிற்று. "நீர் கடலுக்குப் போனதுண்டா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"எத்தனையோ தடவை, சேர்."

"அப்ப உயிரோட நாலு பிராணி பிடிச்சிட்டு வாரும்."

அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த என் நண்பர் காதர் கடலோர ஊரான வெலிகமையில் பெண் எடுத்தவர். அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, கண்ணாடிப் போத்தல் ஒன்றோடு ரயிலேறினேன்.

நாங்கள் போனபோது கடல் வற்றியிருந்தது. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன் ஒன்று கிடந்தது. சங்குக்குள் குடியிருந்த நண்டு வீட்டோடு நடந்து போனது. பூவென்று நினைத்து ஒன்றைத் தொட்டேன், சட்டென்று சுருங்கிக்கொண்டது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. (அதுதான் பிழை.) ஒரு பாறையிடுக்கில் கல் போலிருந்த ஏதோ அசையவே, முழங்கைவரை கையை விட்டேன்.

அந்த ஏதோ என் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரத்துணியால் சுற்றிக் கட்டுவதுபோல முழங்கைவரை ஏறியது. நான் இழுத்தேன். அதுவும் இழுத்தது.

"காதர், என்னைய ஏதோ புடிச்சிருச்சு."

காதர் எட்டிப் பார்த்தார். "பேய்க்கணவாய், மாஸ்டர்," என்றார். எட்டுக் கைக்காரன். படமாக எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். சொன்னவர் மூன்றடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்நேரம் பார்த்துக் கடல் ஏறத் தொடங்கியது. மண்டியிட்டிருந்த எனக்கு முதல் அலை இடுப்பில் அடித்தது, அடுத்தது நெஞ்சில். எனக்கு நீந்தத் தெரியாது. பெயர் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்தேன். பிறகு பாவசங்கீர்த்தனம்.

"காதர், நான் இதுக்கு முன்ன கடலப் பாத்ததேயில்ல. பொய் சொல்லிட்டேன்."

"அத ஏன் இப்ப என்கிட்ட சொல்றீங்க?"

"சாமியாரு இங்க இல்லையே."

அப்போது கூடையோடு மட்டி பொறுக்கிக்கொண்டு ஒரு சிங்களப் பெண் வந்தாள். குனிந்து பார்த்து, காதரிடம் ஏதோ சொன்னாள். பயத்தில் எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோயிருந்தது.

"என்ன சொல்றாங்க?"

"சத்தம் போட வாணாமாம். அது பயந்து போய் ஈக்காம்."

"நானும் பயந்துதான் இருக்கேன்னு சொல்லுங்க."

காதர் அதையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"கைய இழுக்காம அப்படியே வெச்சிக்கட்டாம். பயம் போனா தானா விடுமாம்."

யாருடைய பயம் என்று கேட்க நேரமில்லை. தண்ணீர் தோளைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக அசையாமல் இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிடி ஒவ்வொன்றாகக் கழன்றது. கண்ணைத் திறந்தபோது, தேங்காய்ச் சிரட்டை அளவு ஒன்று பாறைக்கடியில் நழுவிப் போனது. இதற்கா நான் இத்தனை புனிதர்களைச் சிரமப்படுத்தினேன்?

போத்தல் வெறுமையாகவே கண்டிக்குத் திரும்பியது. கையில் மட்டும் வட்ட வட்டமாய்ச் சிவந்த தடங்கள். தலைமையாசிரியர் யோசித்தார். கண்காட்சியன்று சட்டைக் கையை மடித்துவிட்டு என்னையே மேசையருகே நிற்கவைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். கோயிலில் சாமியார் எங்கள் கைகளைச் சேர்த்துவைத்தார். பழைய பாடத்தை மறக்காமல் நான் கையை இழுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். முன்வரிசையிலிருந்த காதர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் புடவைக்கடைக் குரல், கோயில் முழுக்கக் கேட்டது.

"மாஸ்டர், இது விடாது."

அன்று மாலையே மனைவி விளக்கம் கேட்டாள். சொன்னேன். இன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்வது அவள்தான். முடிவு எப்போதும் ஒன்றே.

"அந்தப் பேய்க்கணவாய்க்குப் புத்தி இருந்துச்சு, விட்டுட்டுப் போயிருச்சு. எனக்கு இல்ல."