திருநீற்றில் விழுந்த சொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருசமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். எழுதினால் என் குட்டு உடைந்துவிடும். ஆனால் போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒழுகாத குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இது என் கருத்தல்ல, பக்கத்து வீட்டுச் சொட்டு அண்ணனின் கருத்து. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் மாட்டுகிறவர். தான் மாட்டிய குழாயையே நம்பமாட்டார். மழைக்காலத்தில் டவுன் பஸ்ஸுக்குள் குடை விரித்துத்தான் உட்காருவார். கல்யாணப் பந்தியில் தண்ணீர் டம்ளரைத் தூக்கி அடியைத் தடவிப் பார்ப்பார். எங்கே ஈரம் தெரிந்தாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "இது கிணத்துத் தண்ணி, இது ஆத்துத் தண்ணி, இது பிரிட்ஜுல இருந்து வடிஞ்சது" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

என் ஒரே மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கட்டட பிளான் வரைகிறவள். அந்தச் சித்திரை வெயிலில் பெட்டி கொதித்துப்போய், பாதிப் படத்தில் அணைந்து அணைந்து போனது.

"திங்கக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா கோயமுத்தூர் ஆபீசுக்கே வந்துரச் சொல்றாகம்மா" என்றாள்.

பெட்டியைத் தண்ணீரால் குளிரவைக்கிற கருவி ஒன்றை அவளே தேடிப்பிடித்து வரவழைத்தாள். சின்ன பம்பு, இரண்டு கறுப்புக் குழாய், காற்றாடி வைத்த ரேடியேட்டர். குளிர்விக்கிற தண்ணீரைக் கம்பெனியிலேயே உள்ளே அடைத்து அனுப்பியிருந்தார்கள். நாலு ஸ்குரூ முடுக்கினால் போதுமாம்.

மூக்கில் வியர்த்ததுபோல் சொட்டு அண்ணன் வந்து நின்றார்.

"ஏ ஆத்தா, கரண்டு ஓடுற பெட்டிக்குள்ள தண்ணியா?"

"சீல் பண்ணி வந்துருக்கு மாமா, ஒழுகாது."

"யாரு பாத்தா? மூடி எங்கன இருக்கு?"

"மூடியே கிடையாது."

"மூடியில்லாம தண்ணி எப்பிடி உள்ள போச்சு? பெறக்கும்போதே இருந்துச்சா?"

அரை மணி நேரத்தில் அவள் மாட்டி முடித்துவிட்டாள். உடனே அவர் பெட்டிக்குள், குழாய்களுக்கு அடியில், ஒரு காகிதத்தை விரித்து, என் சாமி அலமாரித் திருநீற்றை மாவு சலிக்கிறாற்போல் தூவினார். தோட்டத்தில் புதுக் குழாய் போட்டால் இணைப்புக்கு அடியில் சாம்பல் தூவிவிட்டு வருவாராம். ஒரு சொட்டு விழுந்தாலும் குழி காட்டிக்கொடுத்துவிடும்.

இருவரும் வாசலில் டீ குடிக்கப் போனார்கள். "தீர்த்தம் கீர்த்தம்னு பெட்டிகிட்ட வந்துராதம்மா" என்று மகள் கண்டித்துவிட்டுத்தான் போனாள். மனசு கேட்கவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தில் வேப்பிலையை நனைத்து, "தாயே, பிள்ளை என்கூடவே இருக்கணும்" என்று கண்ணை மூடி, திறந்திருந்த பெட்டிமேல் ஒரே ஒரு தெளி.

பிறகு பெட்டியை ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரமாகியும் அணையவில்லை. மகள் முகத்தில் சிரிப்பு வந்தபோது அண்ணன் டார்ச் அடித்துக் குனிந்தார்.

"விழுந்துருச்சு ஆத்தா! நாந்தான் சொன்னேன்ல!"

திருநீற்றின் நடுவில் உளுந்தளவு ஓர் ஈரக்குழி.

மகள் சுவிட்சை அணைத்தாள். அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். "இதத் திருப்பி அனுப்பிர்றேன். நான் கோயமுத்தூருக்கே போறேம்மா."

சொல்லவேண்டியவள் நான். முந்தானைக்குள் வேப்பிலைக் கொத்தை இன்னும் இறுக்கி ஒளித்துக்கொண்டேன்.

அண்ணன் வழக்கம்போல் ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். கசப்பில் முகம் கோணியது. இன்னொரு தடவை வைத்தார். மெல்லத் திரும்பி என் முந்தானையைப் பார்த்தார்.

"அட, இது என் வேர்வை தாயி" என்றார் மகளிடம். "குனியும்போது நெத்தியில இருந்து விழுந்துருச்சு. குழாயி நல்லாத்தான் இருக்கு. நீ போடு."

"போங்க மாமா, உசுரே போயிருச்சு!" என்று அவள் மறுபடி சுவிட்சைப் போட்டாள். கோயமுத்தூர்ப் பேச்சு அதோடு போயிற்று.

ஆனால் கதை ஊருக்குள் பரவி, டீக்கடையில் அவரை யாரும் விடவில்லை. "என்னண்ணே, குழாய் ஒழுகலையாம், நீங்கதான் ஒழுகுறீகளாமே?" என்று இன்றுவரை கேட்கிறார்கள். அவர் டம்ளர் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு டீயைக் குடிக்கிறார்.

நேற்றும் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னுமா நம்பலண்ணே?" என்றேன்.

"குழாயை எப்பிடித் தங்கச்சி நம்புறது?"

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்த டீக்கடைப் பக்கம் போனால் கட்டாயம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தச் சொட்டு என்னுடையது. எங்கள் அண்ணனிடமிருந்து ஆறு வருசத்தில் ஒரு வார்த்தைகூட ஒழுகவில்லை.